நூற்று முப்பத்திரண்டு மீட்டர்

நவம்பர் 3, திங்கள்

இந்த டைரி என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அச்சகத்தில் மிஞ்சியது. போன வருஷத்துடையது. தேதிக்கும் கிழமைக்கும் ஒத்துவராது, அடித்துத் திருத்தி எழுதுகிறேன். கல்லூரி லாக் புத்தகத்தில் ‘தாமதம்’ என்று ஒரு வார்த்தைதான் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். மிச்ச எரிச்சலை எங்கேயாவது கொட்ட வேண்டும்.

விஷயம் இதுதான். பதினைந்தாம் தேதி சனிக்கிழமை, ஆன்லைன் தேர்வு நடத்தும் நிறுவனத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். எங்கள் மூன்று லேபிலும் சேர்த்து நூற்றெண்பது கம்ப்யூட்டர். அவர்கள் கொடுத்திருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அவர்கள் கண் முன்னாலேயே அத்தனையிலும் ஏற்றிக் காட்ட வேண்டும். பென்டிரைவ் உள்ளே வரக் கூடாது. கம்ப்யூட்டரைப் போட்டு எஃப் பன்னிரண்டை அழுத்தினால், சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக அதுவாக வந்து ஏற வேண்டும். ஒரு லேபுக்கு ஒரு மணி நேரம் கெடு. ஏறினால் கல்லூரிக்குத் தேர்வு மையம் கிடைக்கும்.

இன்று ஒரே ஒரு கம்ப்யூட்டரில் ஒத்திகை பார்த்தேன். காலை பத்து இருபதுக்கு அழுத்தினேன். திரையில் முதல் எழுத்து வரவே நாற்பது நிமிடம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பதினொரு சதவீதம். மூன்றரை மணிக்குப் பத்தொன்பது. நூற்றெண்பதையும் இப்படி ஏற்றினால் நான் ரிட்டையர் ஆகிவிடுவேன்.

ஞானதுரை அண்ணன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அந்த சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லேப் டெக்னீஷியன். பத்தொன்பது வருஷமாக இருக்கிறார், நான் வந்து ஆறு வருஷம். மூன்று லேபையும் பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேர்தான். பிரின்சிபல் சாயங்காலம் எட்டிப் பார்த்துவிட்டு, “சென்டர் கிடைக்கலைன்னா மெயின்டனன்ஸுக்கு எதுக்கு ரெண்டு பேருன்னு மேனேஜ்மென்ட்ல கேப்பாங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் நடந்திருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

சர்வர் செட்டிங்கில் ஒன்றைக்கூட விடவில்லை. ஆன்டிவைரஸை எடுத்தேன். துவக்கக் கோப்பை மாற்றினேன். இணையத்தில் இதே நோய் கண்ட நாலு பேரின் புலம்பலைப் படித்தேன். ஒருத்தன் கடைசியில் ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று எழுதியிருக்கிறான். எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. அவன் நன்றாக இருக்கட்டும்.

இந்த ஏற்றும் முறையே ஒரு மந்தம். கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுப்பது மாதிரி. சர்வர் ஒரு துண்டை அனுப்பும். ‘வந்துவிட்டது’ என்று இந்தப் பக்கம் பதில் சொன்னால்தான் அடுத்த துண்டு. பதில் வரவில்லையென்றால் சில விநாடி காத்திருந்து அதே துண்டை மறுபடி அனுப்பும். லட்சக்கணக்கான துண்டு. துண்டைப் பெரிதாக்கினால் வேகம் கூட வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. பெரிதாக்கினேன். இன்னும் மெதுவாகிவிட்டது. இதற்கு எந்தப் புத்தகத்திலும் விளக்கம் தேட எனக்குப் பொறுமை இல்லை.

அதே லேபில் பையன்கள் இணையத்தில் வீடியோ பார்க்கிறார்கள், ஓடுகிறது. ஆகவே நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணன் லேபில் கேபிளெல்லாம் வந்து செருகும் சுவிட்ச் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, “மேடம், இந்த லைட்டு பச்சையா எரியணும்ல, ஆரஞ்சா எரியுது. சர்வர் வரைக்கும் லைனை ஒருக்கா பாத்துருவமா?” என்றார்.

“எரியுதுல்லண்ணே. நெட் வருது. லைன்ல என்ன இருக்கு?” என்றேன்.

அவர் துணியை உதறி மடித்து வைத்தார்.

நவம்பர் 5, புதன்

தெருவில் இன்று தண்ணீர் விடும் நாள். ஒன்பது நாளைக்கு ஒரு தடவை. ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுக் குடம், டிரம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, நனைந்த புடவையோடு கல்லூரிக்குப் போனேன்.

லேப் சுவிட்சில் ஒரு செட்டிங் இருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டதும் அரை நிமிடம் யோசித்துவிட்டுத்தான் வழி விடும். அதை நிறுத்தினேன். பலன் உண்டு. ஒரு நாள் முழுக்க ஓடும் வேலையில் முப்பது விநாடி மிச்சம்.

நவம்பர் 6, வியாழன்

பிரின்சிபல் ரூமில் நாற்பது நிமிடம். “ஜூலையில டெமோ காட்டினப்ப வேகமா ஏறுச்சேம்மா, நானே பார்த்தேனே” என்றார்.

ஏறியதுதான். அப்போது சர்வர் லேபுக்கு மேல் மாடியில் இருந்தது. ஆகஸ்டில் தாளாளர் ஒரு வாஸ்து நிபுணரை அழைத்து வந்தார். அவர் கையில் திசைகாட்டியோடு கல்லூரி முழுக்க நடந்துவிட்டு, அட்மிஷன் குறைந்ததற்குக் காரணத்தைக் கண்டுபிடித்தார். சர்வர் சூடான பொருள், அக்னி. அதைக் கொண்டுபோய் ஈசானிய மூலையில் வைத்திருக்கிறோம். உடனே அக்னி மூலைக்கு மாற்ற வேண்டும். அக்னி மூலையில் எங்களிடம் இருப்பது கேன்டீன் ஸ்டோர். செப்டம்பரிலிருந்து சர்வர் அங்கேதான், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில். லேபுக்கு நான் போகும்போது என் மேல் பஜ்ஜி வாசம் அடிக்கிறது.

“மாத்தினப்ப வயரிங் யாரு பண்ணினது?” என்று கேட்டார்.

“ஞானதுரை சார்” என்றேன்.

அது பொய் இல்லை. ஏணி போட்டு இரண்டு நாள் கேபிளை இழுத்தது அவர்தான்.

நவம்பர் 8, சனி

நேற்றும் இன்றும் முதல் லேபில் முப்பது கம்ப்யூட்டரின் கேபிளுக்கு இரண்டு பக்கமும் கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போடச் சொன்னேன். அறுபது கனெக்டர். “பழசெல்லாம் நல்லாத்தான மேடம் இருக்கு” என்று ஒரு தடவை சொன்னார். “சந்தேகத்தைத் தீர்த்துக்கிடுவோம்ணே” என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, எட்டு இழையையும் வரிசையாகப் பிரித்து, நறுக்கி, அழுத்தி, ஒவ்வொன்றையும் டெஸ்டரில் போட்டுப் பார்த்து வைத்தார். வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி.

மதியம் ஏற்றிப் பார்த்தோம். ஐந்து மணி நேரத்தில் பத்தொன்பது சதவீதம். திங்கட்கிழமை என்னவோ அதே.

அவர் ஏதாவது முணுமுணுத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ‘சரி மேடம்’ என்று பெட்டியை மூடிவிட்டு, வெட்டிப்போட்ட அறுபது பழைய கனெக்டரையும் கூட்டி அள்ளிக்கொண்டு போனார். அப்படி இருக்கிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இட்லி மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஒழுகிக் கிடந்தது. துடைத்துக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலை தூக்காமல், “சர்வரை இடம் மாத்துறதுக்கு முன்னாடி நல்லாத்தான ஓடுச்சுங்குற? அப்ப இடம் மாத்தினதுலதான இருக்கணும்?” என்றார்.

காலண்டர் அடிக்கிறவருக்கு நெட்வொர்க்கைப் பற்றி என்ன தெரியும். அப்படியே சொல்லியும் விட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

தாமதத்துக்குக் காரணத்தை எழுத்தில் கேட்டார்கள். ‘வயரிங் தரக்குறைவு’ என்று எழுதிக் கொடுத்தேன். பிரின்சிபல் படித்துவிட்டு, “செஞ்ச ஆளோட பேர் இல்லாம இருக்கேம்மா” என்று திருப்பிக் கொடுத்தார். திரு. ஞானதுரை, லேப் டெக்னீஷியன் என்று சேர்த்துக் கொடுத்தாயிற்று.

மிக்ஸி ஜார் பிளேடு தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பதினொன்றரை மணிக்கு லேபுக்கு வந்தார். பீரோ சாவிக்கொத்தை மேஜையில் வைத்து, எது எதற்கு என்று சொன்னார். இரண்டாவது லேபில் வடக்கு ஏ.சி.யில் தண்ணீர் சொட்டும், கீழே வாளி வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வாளியைக் கழுவ வேண்டும் என்றார். நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

“லெட்டர்ல என்ன மேடம் எழுதினீங்க?” என்றார்.

“நெட்வொர்க் ப்ராப்ளம்னுதாண்ணே எழுதுனேன்.”

“சரி மேடம். சனிக்கெழமை நல்லபடியா நடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

மேனேஜ்மென்ட் முடிவு. நான் என்ன செய்ய முடியும்.

நவம்பர் 12, புதன்

இன்று செய்ததை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கேன்டீன் தள்ளுவண்டியை இரவல் வாங்கி, சர்வரை அதில் ஏற்றி, முதல் லேபுக்கே தள்ளிக்கொண்டு வந்து, லேப் சுவிட்சில் நேராகச் செருகினேன். எஃப் பன்னிரண்டு. பதினொரு நிமிடத்தில் முழுதாக ஏறி நின்றது. ஐந்து கம்ப்யூட்டரை ஒன்றாகப் போட்டேன். பன்னிரண்டு நிமிடம்.

ஆக, சர்வர் நன்றாக இருக்கிறது. என் செட்டிங் நன்றாக இருக்கிறது. லேப் சுவிட்ச் நன்றாக இருக்கிறது. அவர் போட்ட கனெக்டர் நன்றாக இருக்கிறது, வெட்டி எறிந்ததும் நன்றாகத்தான் இருந்திருக்கும். கேன்டீன் ஸ்டோரிலிருந்து லேப் சுவிட்ச் வரைக்கும் வருகிற அந்த ஒரே கேபிள்தான் பாக்கி.

சிவில் டிபார்ட்மெண்ட்டில் அளவு நாடா வாங்கி, ஆபீஸ் அட்டெண்டரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, அது போகும் வழியெல்லாம் அளந்தேன். ஸ்டோர், தாளாளர் அறை வராந்தா, நூலகம், லேப். நூற்று முப்பத்திரண்டு மீட்டர். இந்தக் கேபிளில் நூறு மீட்டர் வரைக்கும்தான் தகவல் சேதமில்லாமல் போகும். அதற்கு மேல் போனால் நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து மறுபடி தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே துண்டு துண்டாகத் தொலையும். வீடியோ பார்ப்பதற்கு அது போதும். ஒவ்வொரு துண்டுக்கும் காத்துக் கிடக்கிற இந்த வேலைக்குப் போதாது. பெரிய துண்டு இன்னும் எளிதில் தொலையும். இதெல்லாம் டிப்ளமோ இரண்டாம் வருஷப் பாடம்.

ஒன்றை இந்த டைரியில் நான் எழுதாமலே வந்திருக்கிறேன்.

செப்டம்பரில் கேபிள் இழுத்த அன்று ஞானதுரை அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி வந்து என்னிடம் சொன்னார். “மேடம், நூறு தாண்டுது. தாளாளர் ரூம் வராந்தாவுல ஒரு சுவிட்ச் வச்சாத்தான் சரியா வரும். ஒரு பெட்டி அடிக்கணும், ஒரு ப்ளக் பாயின்ட் வேணும். நீங்க கேட்டுச் சொல்லுங்க.” அந்த வராந்தாச் சுவருக்கு அப்போதுதான் வாஸ்துப்படி மஞ்சள் பூசியிருந்தார்கள். என் பணி நிரந்தர ஆர்டர் அந்த வாரம் தாளாளர் மேஜையில் கையெழுத்துக்கு இருந்தது. மஞ்சள் சுவரில் ஓட்டை போடுகிறேன் என்று அந்த வாரம் அவர் முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. “நெட் வருதுல்லண்ணே, விடுங்க” என்றேன். வேலை முடிந்த படிவத்தில் கேபிள் நீளம் என்ற கட்டத்தில் தொண்ணூறு என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். அடுத்த திங்கட்கிழமை ஆர்டர் வந்தது. எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்தேன், அவருக்கும்.

முதல் நாளே எனக்கு இது தெரியும் என்று எழுதினால் பொய். தெரியாது என்று எழுதினாலும் பொய். அந்தப் பக்கமே நினைப்பைப் போகவிடாமல் ஒன்பது நாள் மற்ற எல்லாவற்றையும் பிரித்துப் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

சர்வரைத் திரும்ப வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். நூலகத்தில் கேபிள் போகும் ஜன்னலுக்கு அடியிலேயே ஒரு ப்ளக் பாயின்ட் இருக்கிறது. செய்தித்தாள் அடுக்கை நகர்த்தினால் தெரிகிறது. தாளாளர் வராந்தாவும் வேண்டாம், மஞ்சள் சுவரும் வேண்டாம். இரண்டு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. நான் போய்ப் பார்க்கவில்லை.

கேபிளை அங்கே வெட்டி இரண்டு கனெக்டர் போட்டு, நடுவில் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது கனெக்டர் வீணானது. எட்டு இழையும் வரிசையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஞானதுரை அண்ணனை அறுபது போடச் சொல்லியிருக்கிறேன்.

முதல் லேப் முழுவதையும் ஒன்றாகப் போட்டேன். முப்பத்தெட்டு நிமிடத்தில் அறுபதும் ஏறிவிட்டது.

பிரின்சிபல் வந்து வரிசையாக எல்லாத் திரையையும் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. “பாத்தீங்களாம்மா, அந்த ஆள் போனதும் எல்லாம் சரியாயிடுச்சு” என்றார்.

நான் “சார்” என்றேன். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். நானும் அவர் அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேன். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகாமல் நாலு ஸ்டாப் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் செய்தித்தாள் விரித்து யாருடைய டேபிள் ஃபேனையோ பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். “வாங்க மேடம்” என்று எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி ஜெபமணி அக்கா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

“அண்ணே, கேபிள் நீளந்தான். நூத்தி முப்பத்திரெண்டு. நடுவுல சுவிட்ச் வச்சேன். சரியாயிருச்சு.”

“தெரியும் மேடம்.”

“எப்பத் தெரியும்?”

“மொத நாளு, பத்தொம்பது சதவீதத்துல நின்னப்ப.”

“அப்ப ஏன்ணே சொல்லல? அறுபது கனெக்டர எதுக்குப் போட்டீங்க?”

“சொன்னேனே மேடம், செப்டம்பர்ல.” ஒரு ஸ்க்ரூவை எடுத்து மூடிக்குள் போட்டார். “மறுக்கா பிரின்சிபல் முன்னால சொல்லிருந்தா, நீங்க தொண்ணூறுன்னு எழுதுனதும் சேர்ந்து வெளிய வரும். ரெண்டு நாள் கனெக்டர் போட்டுக்கிட்டு இருந்தா, அதுக்குள்ள நீங்களா சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்.”

டீ ஆறிப்போயிற்று.

“திரும்ப வந்துருங்கண்ணே. நான் பேசுறேன்” என்றேன்.

“அந்த லெட்டர்ல எம் பேரு இருக்கே மேடம். பிரின்சிபல் படிச்சுக் காமிச்சாரு. அது இருக்கிற வரைக்கும் நான் எப்பிடி உள்ள வாரது?” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நவம்பர் 14, வெள்ளி

எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் சொன்னது, நான் கேட்காதது, தொண்ணூறு என்று எழுதியது. பிரின்சிபல் முதல் பத்தியைப் படித்ததும் மடித்து என் பக்கம் தள்ளினார்.

“இதை நான் வாங்கலைம்மா. நீங்களும் கொடுக்கலை.”

“சார், தப்பு என்னோடது. அவரை—”

“நாளைக்கு ஆய்வு. இந்த நேரத்துல நீளத்தைத் தப்பா எழுதினோம்னு ஃபைல்ல வந்தா சென்டர் போயிரும். ஞானதுரை விஷயம் முடிஞ்சது. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது, நான் இருக்கேன். போய் லேபைப் பாருங்க.”

மடித்த தாளோடு வெளியே வந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. படி இறங்கும்போது முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சொல்லியாயிற்று, வாங்க மாட்டேன் என்கிறார், நான் என்ன செய்ய. பாதிப் படியில்தான் தெரிந்தது, செவ்வாய்க்கிழமையும் இதே வார்த்தையைத்தான் இங்கே எழுதியிருந்தேன்.

வடக்கு ஏ.சி. வாளியைக் கழுவி வைத்தேன்.

நவம்பர் 15, சனி

இரண்டு பேர் வந்தார்கள். கூட வந்தவர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். பேசியது நஸ்ரீன் என்ற பெண், முப்பது வயதிருக்கும், எதற்கும் சிரிக்காதவர். முதல் லேப் முப்பத்தெட்டு நிமிடம், இரண்டாவது நாற்பத்தொன்று, மூன்றாவது முப்பத்தாறு. நூற்றெண்பதும் ஏறியது. பிரின்சிபல் முந்திரி பக்கோடா வரவழைத்தார்.

கடைசியில் பிரின்சிபல் ரூமில் கையெழுத்து. படிவத்தை ஆபீஸில் புதிதாக டைப் அடித்து வைத்திருந்தார்கள். எட்டாவது கட்டம்: சர்வரிலிருந்து லேப் வரை கேபிள் நீளம். தொண்ணூறு மீட்டர். கீழே என் பெயர், பெயருக்கு மேல் வெற்றிடம். பேனாவை என்னிடம் கொடுத்தார்கள்.

நான் தொண்ணூறை அடித்துவிட்டு நூற்று முப்பத்திரண்டு என்று எழுதினேன். பக்கத்தில் ‘நூலகத்தில் இடைச் சுவிட்ச், 13-11’ என்று எழுதினேன். குறிப்பு என்று கீழே இரண்டு வரி இடம் இருந்தது. ‘நீளம் அதிகம் என்று கேபிள் அமைத்த திரு. ஞானதுரை செப்டம்பரிலேயே எச்சரித்தார். நான் கேட்கவில்லை. 10-11 தேதியிட்ட என் கடிதம் தவறானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“அது டைப்பிங் மிஸ்டேக்தாம்மா, வேற தாள் எடுத்துடலாம்” என்று பிரின்சிபல் கையை நீட்டினார். அதற்குள் நஸ்ரீன் தாளை எடுத்துவிட்டார்.

“இப்ப சுவிட்ச் இருக்குல்ல?” என்றார்.

“இருக்கு மேடம்.”

“முந்தாநாள் வரைக்கும்?”

“முந்தாநாள் வரைக்கும் இல்ல. அதுக்கு முன்னாடியே, சரியாச் சொன்னவரை வேலையை விட்டு அனுப்பிட்டோம்.”

அவர் தாளை இன்னொரு முறை படித்தார். “ஆள் விஷயம் உங்க காலேஜ் விஷயம். எங்களுக்கு அளவு சரியா இருந்தாப் போதும். இருக்கு” என்று முத்திரை வைத்தார். படம் எடுப்பவர் அந்தத் தாளையும் இரண்டு படம் எடுத்துக்கொண்டார்.

அவர்கள் வண்டி கேட்டைத் தாண்டும் வரை பிரின்சிபல் சிரித்த முகமாக நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “திங்கட்கிழமை வந்து பாருங்க” என்றார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, “இடம் மாத்தினதுலதான்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நவம்பர் 17, திங்கள்

மையம் உறுதியாகிவிட்டது. காலையிலேயே மெயில் வந்திருக்கிறது.

பிரின்சிபல் என்னை உட்காரச் சொன்னார். கோபமாக இல்லை. அந்தத் தாளின் நகல் தாளாளருக்கும் போய்விட்டதாம். தாளாளர் ஒன்றுதான் சொன்னாராம்: பொய்க் கணக்குக் கொடுத்தவர் எதற்கு, உண்மையைச் சொன்னவர் ஒருத்தர் போதும். “சர்வர் வேலைக்கு வெளியில இருந்து ஆள் வரச் சொல்லிக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்கம்மா. இந்த மாசக் கடைசி வரைக்கும் நீங்க இருங்க” என்றார். நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்ததால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆறு வருஷம்.

பிறகு என் முன்னாலேயே ஞானதுரை அண்ணனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். “ஞானதுரை, நாளையில இருந்து வந்துருங்க. உங்க மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சு.”

அந்தப் பக்கம் எங்கோ டிரில் ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றது. “லெட்டரை எடுத்துட்டீங்களா சார்?” என்றார்.

“எடுத்தாச்சு. ரத்துன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு.”

“சரி சார். காலைல எட்டரைக்கு வந்துர்றேன்.”

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். “இன்னும் ஏதாவது இருக்காம்மா?” என்று பிரின்சிபல் கேட்டார். இல்லை என்று எழுந்து வந்தேன்.

இருந்தது. இனிமேல் எதையும் விடாமல் எழுத வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். மேடம் என்ன ஆனாங்க என்று அவர் ஒரு வார்த்தை கேட்பார் என்று அங்கே காத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. கேட்காதது சரி என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் பஸ் ஏறும் வரைக்கும் போனைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன்.